தண்ணீர் போட்ட பாதை

(மட்டக்களப்பில் நிகழ்ந்த பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வைகாசி கழிந்து ஆனி பிறக்கும் நாட்களில் மட்டக்களப்பு – கல்முனை வீதியில் போய்வருகிறவர்கள் இந்தக் கூட்டத்தைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. இருபது முப்பது பேர், சிலவேளை நூறு பேர், வீதியோரமாக ஒற்றை வரிசையில் போவார்கள். முன்னால் ஒருவர் வேல் ஏந்தி நடப்பார். பின்னால் வருவோரின் தலையில் மூட்டை, கக்கத்தில் சுருட்டிய பாய், கையில் ஊன்றுகம்பு. எழுபது வயது மூதாட்டியும் அதில் இருப்பார், பள்ளிக்கூடப் பையனும் இருப்பான். யார் யாரைக் கூப்பிட்டாலும் ‘சாமி’ என்றுதான் கூப்பிடுவார்கள். வாசலில் நிற்கும் பெண்கள் செம்பில் தண்ணீரோடு ஓடிவருவார்கள். பஸ் சாரதியும் ஹோர்ன் அடிக்காமல் பின்னால் மெல்ல வருவார். இந்த வீதியில் அது அபூர்வம்.

இவர்கள் போவது கதிர்காமத்துக்கு. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் புறப்பட்டு, வற்றாப்பளை, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில், உகந்தை என்று கிழக்குக் கரையோரமாக இறங்கி, கடைசியில் குமண, யால தேசியப் பூங்காக்களுக்குள் புகுந்து, விழாக் கொடியேற்றத்துக்குக் கதிர்காமம் சேர்வது முழுப் பாதை. சந்நிதியிலிருந்து நடப்பவர்களுக்கு ஒன்றரை மாதத்துக்கு மேல் பிடிக்கும். மட்டக்களப்பு மக்கள் பலர் சித்தாண்டியிலோ மாமாங்கத்திலோ மண்டூரிலோ கூட்டத்தோடு சேர்ந்துகொள்வார்கள். சேர்ந்த நாளிலிருந்து கூரைக்குக் கீழே படுக்கிற இரவுகள் குறைந்துகொண்டே போகும்.

முருக பக்தியைப் பற்றி விரித்துப் பேச இந்த ஊரில் தகுதியானவர்கள் நிறைய இருக்கிறார்கள். இன்றைய பேச்சு அதைப் பற்றியதல்ல. ஒரு பெருங்கூட்டம் வறண்ட நிலத்தில், வீடு வாசல் இல்லாமல், சமைத்து உண்டு, உறங்கி எழுந்து, ஒருவரையும் தவறவிடாமல் நடந்துபோவது எப்படி என்பதுதான் பொருள்.

இதே காரியத்தை வேறு விதமாகச் செய்கிறவர்களும் உலகில் உண்டு. அமெரிக்காவின் யூட்டா, அரிசோனா மாநிலங்களில் செம்பாறைப் பள்ளத்தாக்குகள் வரிசையாகக் கிடக்கின்றன. கிராண்ட் கன்யன் ஒன்றே 446 கிலோமீற்றர் நீளம். அதுவும் சயன் பள்ளத்தாக்கும் 1919ஆம் ஆண்டில் தேசியப் பூங்காக்களாயின. நண்பர்கள் ஏழெட்டுப் பேர் கூடாரத்தையும் தண்ணீர்க் கான்களையும் காரில் ஏற்றிக்கொண்டு, ஒரு பூங்காவில் இரண்டு இரவு, அடுத்ததில் ஓர் இரவு என்று பாலைநிலத்தைச் சுற்றிவருவது அங்கே ஒரு பெரும் கோடைகால வழக்கம். பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறவர்களுக்கு வனக்காவலர்கள் சொல்லும் முதல் புத்தி தண்ணீர்தான்: ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு லீற்றர். அங்குள்ள தங்குமிடங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோக 1960களில் பள்ளத்தாக்கின் குறுக்கே ஒரு குழாய் போட்டார்கள். அது அடிக்கடி உடைகிறது. உடைந்தால் முகாம்களில் குடிநீர்க் குழாய் அடைபட்டுவிடும். பணமும் பொறியியலும் மிகுந்த நாட்டிலும் வறண்ட பூங்காவில் மனிதர் எங்கே படுக்கலாம் என்பதைத் தண்ணீர்தான் தீர்மானிக்கிறது.

இலங்கையில் பாலைவனம் ஏது என்று யாரும் கேட்கலாம். முல்லையும் குறிஞ்சியும் கோடையில் தம் இயல்பு திரிந்து வறள்வதே பாலை என்பது சிலப்பதிகாரத்தின் விளக்கம். அந்தக் கணக்கில் ஆனி மாதத்து உகந்தைக்குத் தெற்கே கிடப்பது அசல் பாலைதான். கிழக்குக்கு மழை வாடையோடு வருவது. ஐப்பசி தொடங்கித் தைக்குள் முடிந்துவிடும். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது ஈரம் ஏதும் இல்லாத வெறுங்காற்றாக வரும். நம்மவர்கள் கச்சான் என்று சொல்லும் காற்று அது. பகல் முழுவதும் வீசி, குளங்களை வெடிக்கவைத்து, உதட்டைப் பிளக்கவைக்கும். விழா வருவது சரியாக அந்தக் காலத்தில்தான்.

ஆகவே இந்தப் பாதையைக் கோவில்களால் மட்டும் விளங்கிக்கொள்ள முடியாது. தங்குமிடங்களை வரைபடத்தில் ஒவ்வொன்றாகக் குறித்துப் பாருங்கள். வெருகலில் ஆறு. மாமாங்கத்தில் தீர்த்தக்குளம். உகந்தையில் பாறைச் சுனை. குமண எனப்படும் கூமுனையில் வில்லு. அப்புறம் கும்புக்கன் ஆறு, நாவலடி மடு, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம். ஒவ்வொரு பெயருக்கும் கீழே தண்ணீர் இருக்கிறது. ஒரு நாளில் தலைச்சுமையோடு ஒரு கிழவி நடக்கக்கூடிய தூரத்தில் அடுத்த தண்ணீர். கோவில் இருந்ததால் தங்கினார்களா, தண்ணீர் இருந்ததால் தங்கிய இடத்தில் கோவில் எழுந்ததா என்று வழக்காடலாம். எது முந்தியதாக இருந்தாலும், பாதையை வகுத்தது தண்ணீர் என்பதே இந்த உரையின் வாதம்.

மட்டக்களப்புப் பகுதியில் இந்த வாதம் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். ஏனென்றால் இங்கே தண்ணீர் தாராளம். வாவி 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலோடு ஒட்டி ஓடுகிறது, ஆனால் அதன் நீர் உவர். மறுபக்கம் கடல். இரண்டு உப்புக்கும் நடுவே கல்லடியிலிருந்து களுவாஞ்சிக்குடி, கல்லாறு வரை ஒடுங்கிய மணல் நிலம். அந்த எழுவான்கரை மணலில் சில முழம் தோண்டினாலே நல்ல தண்ணீர் வருகிறது. மாரி மழை மணலுக்குள் இறங்கி, கீழேயுள்ள உப்புநீரைவிடக் கனம் குறைந்ததால் அதற்குமேல் ஒரு படலமாக நிற்கிறது. அளவாக அள்ளினால் கோடை முழுவதும் கிடைக்கும். மோட்டார் போட்டு இழுத்தால் உப்பு மேலே ஏறிவிடும். வீட்டுக்கு வீடு கிணறு இருப்பதால் யாத்திரிகருக்கு வழியில் கவலை இல்லை. ஊருக்கு ஊர் மோர், சர்க்கரைத் தண்ணீர், இளநீர் என்று தாகசாந்தி நடக்கும். முஸ்லிம் ஊர்களிலும் தண்ணீர் கொடுக்கும் வழக்கம் உண்டு. கதிர்காமத்திலேயே பள்ளிவாசல் ஒன்று இருப்பதையும், அங்கும் கொடியேறுவதையும் அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

முன்பெல்லாம் இந்தப் பகுதியில் தொல்லை தந்தது குடிநீரல்ல, கடக்கவேண்டிய நீர். திருகோணமலையிலிருந்து வருவோர் முகத்துவாரங்களையும் ஆறுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோணியிலும் பாதைப்படகிலும் கடந்தார்கள். இன்று வெருகலிலும் பனிச்சங்கேணியிலும் பாலங்கள் வந்துவிட்டன. கல்லடியில் 1924இல் திறக்கப்பட்ட பழைய இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் புதுப் பாலம் வந்தது. குருமண்வெளித் துறையில் இன்னும் படகேறி வாவியைக் கடந்து மண்டூருக்குப் போகலாம். மண்டூர் முருகன் கோவிலுக்குச் சின்னக் கதிர்காமம் என்று பெயர். பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, பேச்சில்லாமல் பூசை செய்யும் கதிர்காம முறையே அங்கும். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் நடக்க முடியாத முதியவர்கள் தங்கள் நேர்த்தியை மண்டூரோடு முடித்துக்கொள்வதும் உண்டு.

வாவிக்கரையைக் கடக்கும் இந்த நாட்களில்தான் கூட்டம் ஒரு குழுவாக ஆகிறது. சந்நிதியிலிருந்து வந்தவர்களுக்கு ஒழுங்கு பழகிப்போயிருக்கும். புதிதாகச் சேர்ந்தவர்கள் இங்கே பழகுகிறார்கள். விடிவதற்கு வெகு முன்னரே எழும்ப வேண்டும். வெயில் ஏறுமுன் அன்றைய நடையின் பெரும்பகுதியை முடித்துவிட வேண்டும். வேலுக்கு முன்னால் யாரும் போகக்கூடாது. இது மரியாதைக்கான விதி என்று எல்லோரும் நினைப்பார்கள். காட்டுக்குள் போனதும் அதன் மற்றப் பயன் தெரியும்: வேகக்காரன் முன்னே ஓடி வழிதவறமாட்டான், கூட்டத்தின் வேகம் கடைசியில் வருகிற கிழவியின் வேகமாகவே இருக்கும். தார் வீதியிலே காலில் கொப்புளம் வந்தால் பஸ் ஏறி வீட்டுக்குப் போகலாம். எனவே உடம்பு தாங்குமா, மூட்டையில் எது வேண்டாத சுமை என்பதெல்லாம் தெரிந்துவிடுகிற இடமும் இந்த வாவிக்கரைதான். களுவாஞ்சிக்குடி தாண்டுமுன் பலருடைய மூட்டை பாதியாகிவிடும்.

பொத்துவிலுக்குத் தெற்கே பாணமை. தமிழரும் சிங்களவரும் கலந்து வாழும், கண்ணகி அம்மனைப் பத்தினித் தெய்வமாகச் சேர்ந்து கும்பிடும் கிராமம். அதைத் தாண்டினால் உகந்தை. கடலோரத்தில் பாறைக்குன்று, குன்றில் சுனைகள், அடியில் முருகன் கோவில். கோவிலுக்குப் பக்கத்திலேயே குமண தேசியப் பூங்காவின் வாசல். வழமையாகப் பூட்டிக் கிடக்கும் காட்டுப்பாதை ஆண்டுக்கு ஒருமுறை, ஏறக்குறைய இரண்டு வாரம் திறக்கும். திறக்கும் நாளை மாவட்டச் செயலகமும் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களமும் பாதுகாப்புப் படைகளும் கூடித் தீர்மானிக்கும். அதற்காகக் காத்துக் கிடக்கும் கூட்டத்தால் உகந்தை சில நாட்களுக்கு ஒரு பட்டணமாகிவிடும். மரத்துக்கு ஒரு குழு, குழுவுக்கு ஓர் அடுப்பு.

அங்கே மூட்டையைக் கடைசியாக அவிழ்த்துக் கட்டுவார்கள். எது உள்ளே போகிறது என்பதைக் கவனித்தால் அனுபவசாலி யார் என்று தெரிந்துவிடும். அரிசி, பருப்பு, அவல், சர்க்கரை, வறுத்த கச்சான், உப்பு, கொத்தமல்லி, வேர்க்கொம்பு. தீப்பெட்டி பொலித்தீனில் சுற்றி மூட்டையின் நடுவில். ஒரு மாற்றுச் சாரம், ஒரு போர்வை, ரோர்ச், கால் வலிக்குத் தைலம். தண்ணீர்க் கான் மட்டும் மூட்டைக்குள் போகாது, கையிலேயே இருக்கும். புதியவர்கள் பிஸ்கட்டும் ரின் மீனும் வாங்கிவருவார்கள். ரின் மீனைக் கண்ட குழுத்தலைவர் ஒன்றும் சொல்லமாட்டார், எடுத்து அப்பால் வைத்துவிடுவார். யாத்திரை முழுவதும் மரக்கறிதான்.

உகந்தையிலிருந்து கதிர்காமம் எண்பது கிலோமீற்றர் அளவில் இருக்கும். ஐந்தாறு நாள் நடை. முதற் பகுதி இலகு. கூமுனை வில்லு ஏறத்தாழ 200 ஹெக்டேயர் பரப்புள்ள சதுப்பு. கும்புக்கன் ஆற்றிலிருந்து ஓர் ஒடுங்கிய வாய்க்கால் வழியாக அதற்கு நீர் வருகிறது. 1938இலேயே பறவைகள் சரணாலயமான இடம். யாத்திரை நடக்கும் காலத்தில் கண்டல் மரங்களில் நாரைகளும் கரண்டிவாயன்களும் கூடுகட்டிக் குஞ்சு பொரித்திருக்கும். ஒருகாலத்தில் அங்கே கிராமம் இருந்தது. யாத்திரிகருக்கு அரிசியும் தயிரும் கிடைத்த கடைசி ஊர். இன்று அது இல்லை. யால கிழக்கு 1970இல் தேசியப் பூங்காவானது, போர் அதை 1985இல் மூடவைத்தது, 2003இல் மறுபடி திறந்தது, 2006இல் குமண என்று பெயர் மாறியது. பூங்காக்களுக்காக ஊர்கள் வெறுமையாவது இங்கே மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவின் முதற் பூங்காவான யெல்லோஸ்ரோனிலிருந்தே அந்தக் கதை தொடங்குகிறது.

கும்புக்கன் ஆற்றில் எல்லோரும் மனம்விட்டுக் குளிப்பார்கள். இரு கரையிலும் பிரமாண்டமான மருத மரங்கள், வேர்கள் ஆற்றுக்குள் இறங்கிக் கிடக்கும். ஆற்றில் முதலை உண்டு. ஆகவே குளிப்பு கூட்டமாக, ஆழங்குறைந்த மணல் மேட்டில். அடுத்த பகுதிக்கு வேண்டிய தண்ணீரை இங்கேயே நிரப்பிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஆற்றைத் தாண்டியதும் யாலக் காட்டின் வறண்ட முகம் ஆரம்பிக்கிறது.

நாவலடியில் இருப்பது ஒரு மடு. நல்ல மழை பெய்த ஆண்டில் குளம்போலத் தெரியும். மற்ற ஆண்டுகளில் எருமை புரண்ட சேறு. யானையும் பன்றியும் மானும் குடிக்கிற அதே தண்ணீரைத்தான் மனிதரும் குடிக்க வேண்டும். பழைய யாத்திரிகர் இதற்குத் தேற்றாங்கொட்டை கொண்டுபோனார்கள். பானையின் உட்புறத்தில் கொட்டையை உரைத்துவிட்டுக் கலங்கல் நீரை ஊற்றினால், மிதக்கும் சேற்றுத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து அடியில் இறங்கிவிடும். தெளிந்ததை நாலாக மடித்த பழைய சேலையில் வடிகட்டிக் கொதிக்கவைப்பார்கள். சேலையில் வடிகட்டுவதைப் பாட்டிமார் பழக்கம் என்று சிரிக்க வேண்டாம். வங்காளதேசத்து மட்லாப் பகுதியில் 65 கிராமங்களில் ரீட்டா கோல்வெல் என்ற நுண்ணுயிரியலாளரும் அவருடைய குழுவும் இதையே சோதித்து 2003இல் முடிவை வெளியிட்டார்கள். நாலாக மடித்த பழைய பருத்திச் சேலை, கொலரா நோயை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது. கிருமி, நீரில் மிதக்கும் நுண்ணிய உயிர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவை துணியின் இழைகளில் சிக்கிவிடுகின்றன. துவைத்துத் துவைத்து இழை நெருங்கிப்போன பழைய சேலைதான் நன்றாக வேலை செய்தது.

வள்ளியம்மன் ஆறு இன்னொரு விதம். பெயர்தான் ஆறு, யாத்திரைக் காலத்தில் அநேகமாக வெறும் மணல். ஆனால் மணலுக்கு அடியில் ஆறு ஓடிக்கொண்டிருக்கும். கூட்டம் வந்து இறங்கியதும் இரண்டு மூன்று பேர் ஆற்றின் படுக்கையில் நடந்து, மணல் கறுத்துக் குளிர்ந்திருக்கும் இடத்தைக் காலால் தேடுவார்கள். யானை ஏற்கனவே காலால் தோண்டிப் போட்ட குழி கண்ணில் பட்டால் தேடவே வேண்டாம். அதற்குப் பக்கத்தில் சிரட்டையாலும் சாப்பாட்டுக் கோப்பையாலும் மணலை வாருவார்கள். கை முழுவதும் உள்ளே போகும் ஆழத்தில் குழியின் சுவர் கசியத் தொடங்கும். முதலில் ஊறுவது பால் போன்ற கலங்கல். அதை இறைத்து வெளியே ஊற்றுவார்கள். இரண்டாம் முறையும் இறைப்பார்கள். பிறகு யாரும் தொடாமல் சும்மா இருக்க வேண்டும். ஒரு வெற்றிலை போடுகிற நேரம். மணல் வடிகட்டிய நீர், குழியின் அடி தெரிகிற தெளிவில் நிற்கும். சிரட்டை சிரட்டையாக அள்ளி, பிள்ளைகளுக்கு முதலில், சுகமில்லாதவர்களுக்கு அடுத்து, தோண்டியவர்களுக்குக் கடைசியில். வேகமாக அள்ளினால் சுவர் இடிந்து மறுபடி கலங்கிவிடும். அதனால் முந்நூறு பேர் நின்றாலும் தள்ளுமுள்ளு இராது. பொறுமையைப் போதிக்க அங்கே யாரும் தேவையில்லை, மணலே கற்றுக்கொடுத்துவிடும்.

இரவு வேறு ஏற்பாடு. பெண்களும் பிள்ளைகளும் நடுவில், ஆண்கள் சுற்றிவர, அதற்கு வெளியே அடுப்புத் தணல். நெருப்பை அணையவிடாமல் முறைவைத்து விழித்திருப்பார்கள். கந்தபுராணப் பாட்டும் அரோகராச் சத்தமும் இரவில் வெகுநேரம் கேட்கும். யானைக்கு மனிதர் இருக்குமிடம் தெரியவேண்டும் என்பதும் அதில் ஒரு காரணம். யாலவின் சிறுத்தை உலகப் புகழ் பெற்றது, வெளிநாட்டார் அதற்காகவே ஜீப்பில் வருகிறார்கள். ஆனால் நடந்துபோகிறவர்கள் அதை அவ்வளவு பொருட்படுத்துவதில்லை. அவர்களுடைய பயம் கரடியிடம். ஆனி, ஆடியில் பாலைமரம் பழுக்கிறது. கரடிகள் அந்தப் பழத்துக்காக மரத்தடியிலும் மரத்தின் மேலும் இருக்கும். கண்பார்வை மங்கல், மூக்கு பழத்தில். அருகே போகும்வரை ஆளைக் கவனிக்காமல் இருந்துவிட்டுத் திடுக்கிட்டுப் பாயும். அதனால் பாலைப்பழம் கொட்டிக் கிடக்கிற மரத்தடியில் மூட்டை இறக்கக்கூடாது என்பது காட்டுவிதி. இனிப்பான பழம், மனிதருக்கும் ஆசைதான். பொறுக்கிக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும்.

இந்தப் பாதைக்கு அரசாங்கங்களோடு எப்போதும் ஒரு தொடர்பு இருந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொலரா யாத்திரிகரோடு பயணம் செய்தபோது, பிரித்தானிய ஆட்சி கூட்டத்தை மட்டுப்படுத்தவும் கண்காணிக்கவும் முனைந்தது. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனார்ட் வுல்ஃப், கதிர்காம விழாவை மேற்பார்வை செய்வதையும் தன் கடமைகளில் ஒன்றாகச் செய்தார். அந்தக் காட்டைப் பின்னணியாக வைத்து 1913இல் ஒரு நாவலும் வெளியிட்டார். அவர் குதிரையில் வந்த அதே காலத்தில், 1910இல், யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகள் கால்நடையாகக் கதிர்காமம் போனார். வுல்ஃபின் கண்ணுக்கு யாத்திரை ஒரு நிர்வாகத் தலையிடி. அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. ஆயிரக்கணக்கானோர் ஒரு காட்டாற்றங்கரையில் கூடினால் மலமும் குடிநீரும் கலக்காமல் பார்ப்பதற்கு ஒருவர் வேண்டும்தானே.

போர்க்காலத்தில் பாதை ஏறக்குறையச் செத்துவிட்டது. அதை மீட்டதில் ஒரு வெளிநாட்டவரின் பங்கும் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகனைச் சேர்ந்த பற்றிக் ஹரிகன், ‘ஜேர்மன் சுவாமி’ என்று அறியப்பட்ட கௌரிபாலா சுவாமிகளின் தொடர்பால் 1972இல் இந்தப் பாதையில் நடந்தவர். கதிர்காம பக்தர் அறக்கட்டளையின் முயற்சியோடு 1988இல் நடை மறுபடி ஆரம்பித்தது. காவலரண்களையும் சோதனைச் சாவடிகளையும் கடந்து சிறு குழுக்கள் நடந்தன. 2009இல் போர் முடிந்த பிறகு நிலைமை தலைகீழாயிற்று. அண்மைய ஆண்டுகளில் இரண்டு வாரத்துக்குள் உகந்தை வாசலால் உள்ளே போகிறவர்கள் பத்தாயிரக்கணக்கில்.

இங்கேதான் பழைய கணக்கு குழம்புகிறது.

முந்நூறு பேருக்கு ஊறிய மணற்குழி முப்பதாயிரம் பேருக்கு ஊறாது. ஆகவே பவுசரில் தண்ணீர் போகிறது, வழியில் பிளாஸ்ரிக் தாங்கிகள் வைக்கப்படுகின்றன, படையினரும் தொண்டர்களும் நிரப்புகிறார்கள், அன்னதானக் கொட்டகைகள் முளைக்கின்றன. இதில் உயிர் காக்கும் நன்மை இருப்பதை மறுக்க முடியாது. ஆனால் தண்ணீர் லொறியில் வரத் தொடங்கியதும் அடுத்த தங்குமிடம் எது என்பதை மடுவும் ஆறும் முடிவுசெய்வதில்லை, லொறி போகக்கூடிய தடம் முடிவுசெய்கிறது. அதோடு நடப்பவர்களும் மாறிவிட்டார்கள். பெரும்பாலோர் வாவிக்கரையில் நடந்து பழகியவர்களல்லர். வான் வண்டியில் உகந்தைக்கு வந்து இறங்கி, மறுநாள் காலையில் காட்டுக்குள் போகிறார்கள். குழு இல்லை, தலைவர் இல்லை, வேல் இல்லை. மணலில் எங்கே தோண்டுவது என்று தெரியாது, தோண்ட வேண்டிய தேவையும் இல்லை. போத்தலைக் குடித்துவிட்டு எறிகிறார்கள். விழா முடிந்ததும் தொண்டர்கள் சாக்குச் சாக்காகப் பொறுக்குவது அதைத்தான்.

பொலித்தீனைத் திட்டித் தீர்ப்பது சுலபம். அதைவிடப் பெரிய சேதம் குழு கலைந்துபோனது என்பதே இந்த உரையின் துணிபு. குழு இருந்தால் ஓர் அடுப்பு போதும். தனியாள் நூறு பேர் என்றால் நூறு அடுப்பு, நூறு இடத்தில் விறகு, நூறு இடத்தில் தணல். காட்டுத்தீக்கு அதுவே வாசல்.

அமெரிக்கப் பூங்காக்கள் இதே நெருக்கடிக்கு வேறு மருந்து தேடின. சயனில் ‘ஏஞ்சல்ஸ் லாண்டிங்’ என்ற செங்குத்தான பாறை வழிக்கு 2022 ஏப்ரலிலிருந்து குலுக்கல் முறையில் அனுமதிச் சீட்டு. அதே ஆண்டில் ஆர்ச்சஸ் பூங்காவில் நேரம் குறித்துப் பதிவுசெய்து நுழையும் முறை தொடங்கியது. கிராண்ட் கன்யனின் உட்பகுதியில் இரவு தங்கும் குழு பதினொரு பேருக்கு மேல் இருக்க முடியாது. நேர்த்தி வைத்து வந்த கிழவியிடம் குலுக்கலில் உன் பெயர் விழவில்லை என்று உகந்தை வாசலில் யாரால் சொல்ல முடியும்? குலுக்கல் இங்கே எடுபடாது, எடுபடவும் கூடாது. ஆனால் எத்தனை பேர் என்பதோடு எந்த வடிவத்தில் என்பதையும் அவர்கள் கேட்கிறார்களே, அது நமக்கு வேண்டிய கேள்வி. குழுவாகப் பதிவு, குழுவுக்கு ஒரு பொறுப்பாளர், குழுவுக்கு ஒரு புறப்படும் நேரம்: இதெல்லாம் வேலுக்குப் பின்னால் நடந்தவர்கள் எப்போதோ செய்துவைத்த ஏற்பாடு. சட்டப் புத்தகம் தேடவேண்டியதில்லை.

நடைமுறையில் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. தனியாக வருகிறவரை உகந்தையிலேயே ஒரு குழுவோடு சேர்த்துவிட்டு உள்ளே அனுப்பலாம். சந்நிதியிலிருந்து நடந்துவந்த தலைவர்கள் அங்கே பல நாட்களாகக் காத்திருக்கிறார்கள், ஆட்களைக் கணக்கெடுப்பது அவர்களுக்குப் பழக்கம். தண்ணீர்த் தாங்கிகளை விலங்குகள் குடிக்கும் மடுக்களின் கரையில் வைக்காமல் தள்ளி வைக்க வேண்டும். இரண்டு வாரம் இரவு பகலாக மனிதர் நின்றால் யானைக்கூட்டம் தாகத்தோடு வேறு இடம் தேடி ஊர்ப்பக்கம் வரும், அதன் விலையைப் பாணமைக் கமக்காரர் கொடுப்பார். கும்புக்கன் கரையில் ஆற்றிலிருந்து விலகிய தற்காலிகக் கழிவறைகள் இன்னும் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கொலரா மறுபடி வராது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. போத்தல் தண்ணீருக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு கான் என்ற விதியை வாசலில் உறுதியாகக் கடைப்பிடித்தால், பொறுக்கவேண்டிய சாக்குகளின் எண்ணிக்கை குறையும்.

காட்டுப்பாதை திறக்கும் நாளைத் தீர்மானிக்க ஒவ்வோர் ஆண்டும் அதிகாரிகள் கூடுகிறார்கள். பவுசர் எத்தனை, அம்புலன்ஸ் எத்தனை, பஸ் எத்தனை என்று பேசி முடிவெடுக்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு வள்ளியம்மன் ஆற்றில் குழி தோண்டத் தெரிந்த ஐந்தாறு பேரை, வெருகலிலிருந்தும் சித்தாண்டியிலிருந்தும் மண்டூரிலிருந்தும் திருக்கோவிலிலிருந்தும், அழைத்து உட்காரவைக்கலாம். பாணமைச் சிங்களக் கிராமத்தவர் ஒருவரும், கரையோர வேடர் வழிவந்த வாகரைக்காரர் ஒருவரும் அதில் இருக்க வேண்டும். நாளைக் குறிப்பதற்கு முன்னர், இந்த வருடம் நாவலடியில் தண்ணீர் நிற்கிறதா என்று ஒரு நடை போய்ப் பார்த்துவருவதை அவர்களிடம் ஒப்படைக்கலாம்.